இருக்கைக்கு அடியில் எத்தனை லிட்டர்? – பிக்கப் சப்வூஃபர் கேள்வி–பதில்

ஒலியமைப்பைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களின் கடிதங்களே மிகுதி. காருக்கு டிக்கி இருக்கிறது. பிக்கப்பில் அந்த இடத்தில் மழையும் வெயிலும் படுகிற சரக்குத் தொட்டிதான் இருக்கிறது. ஆகவே சப்வூஃபரை, அதாவது பேஸ் எனப்படும் மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரை, கேபினுக்குள்தான் வைத்தாக வேண்டும். அங்கும் யாருக்கும் இடைஞ்சல் தராத இடம் என்று பார்த்தால் பின்னிருக்கையின் அடிப்பகுதிதான் மிஞ்சுகிறது. கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால் அவற்றைச் சற்று வரிசைப்படுத்தி விடையளிக்கிறேன்.

கேள்வி: நான்கு கதவு பிக்கப் வைத்திருக்கிறேன். 12 அங்குல சப்வூஃபர் ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். பின்னிருக்கைக்கு அடியில் நீளம் 120, முன்பின் அகலம் 30, உயரம் 15 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. எப்படிப்பட்ட பெட்டி செய்யச் சொல்லலாம்?

பதில்: ஸ்பீக்கரை வாங்கிவிட்டுப் பெட்டியைத் தேடுவது, பெட்டியைத் தேர்ந்துவிட்டு இடத்தைத் தேடுவது என்ற வரிசையில்தான் பெரும்பாலோர் செல்கிறார்கள். இருக்கைக்கு அடியில் வைப்பதாக இருந்தால் இந்த வரிசையை முற்றிலும் திருப்பிப் போட வேண்டும். இடம்தான் பெட்டியின் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது. அந்தக் கொள்ளளவுதான் எந்த ஸ்பீக்கர் என்பதைத் தீர்மானிக்கிறது.

தங்கள் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். வெளியளவை மட்டும் பெருக்கினால் 54 லிட்டர் வருகிறது. தாராளமான இடம் என்றே தோன்றும். ஆனால் வழக்கமான 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் பெட்டி செய்தால் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் இரண்டு பலகைகளின் கனம் கழிந்து, உள்ளளவு 116.4, 26.4, 11.4 சென்டிமீட்டர் ஆகிறது. கொள்ளளவு 35 லிட்டர்தான். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலகையே தின்றுவிடுகிறது. தட்டையான பெட்டிகளுக்கே உரிய சாபம் இது; கனசதுரமான பெட்டியில் இழப்பு இவ்வளவு இருக்காது. அதே பெட்டியை 12 மில்லிமீட்டர் பலகையில், உள்ளே குறுக்குத் தாங்கிகள் கொடுத்துச் செய்தால், தாங்கிகளின் பருமனைக் கழிக்கும் முன் ஏறத்தாழ 41 லிட்டர் கிடைக்கும்.

இனித் தங்கள் 12 அங்குல ஸ்பீக்கருக்கு வருவோம். 12 அங்குலம் என்பது 30.5 சென்டிமீட்டர், சட்டத்தின் வெளிவிளிம்பு பெரும்பாலும் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள மேற்பலகையில் அது உட்காராது. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள முன்பலகையில் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே தங்கள் வண்டிக்கு 10 அங்குலம்தான் உச்ச வரம்பு. அதிலும் சாதாரண 10 அங்குல ஸ்பீக்கர்கள் பலவற்றுக்குச் சட்டத்திலிருந்து காந்தத்தின் அடிவரை 13 சென்டிமீட்டருக்கு மேல் தேவைப்படும் என்பதால், ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் ஆழத்தில் அடங்கும் மெல்லிய வகையைத்தான் தேட வேண்டும். காந்தத்தின் பின்புறம் காற்றுத் துளை இருந்தால் அதற்கும் எதிர்ப்பலகைக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் விட்டாக வேண்டும். இல்லையென்றால் ஸ்பீக்கரை இயக்கும் மின்சுருளின் சூடு வெளியேறாது, காற்று சீறும் ஓசையும் எழும்.

அளவெடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். இருக்கையைத் தூக்கி வைத்து எடுத்த உயரம் உண்மையான உயரமன்று. இருவர் உட்கார்ந்தால் மெத்தையும் அதன் கீழுள்ள கம்பிச் சட்டமும் எவ்வளவு இறங்குகின்றன என்பதைப் பார்க்க வேண்டும்; களிமண் உருண்டைகளைப் பல இடங்களில் வைத்து, உட்கார்ந்து எழுந்தபின் அவை எந்த உயரத்துக்கு நசுங்கியிருக்கின்றன என்று அளந்தால் போதும். தரையின் நடுமேடு, இருக்கையின் கால்கள், ஜாக்கி வைத்திருக்கும் கூடு, பின்பக்கம் கால்களுக்குக் காற்று வரும் குழாய் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டு, கெட்டி அட்டையில் அதே வெளியளவுக்கு ஒரு போலிப் பெட்டி செய்து உள்ளே நுழைத்துப் பாருங்கள். இடம் அளவில் போதுமானதாக இருந்தும், கதவு வழியாக உள்ளே திருப்ப முடியாமல் திரும்பிவரும் பெட்டிகள் உண்டு.

கேள்வி: விவரத்தாளில் எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று மூன்று எண்கள் இருக்கின்றன. பெட்டியைத் தேர்ந்தெடுக்க இவை உண்மையிலேயே தேவையா?

பதில்: தேவை. வாட் எண்ணைவிட இவை தேவை என்றே சொல்வேன். எஃப்.எஸ். என்பது பெட்டியில் ஏற்றாத நிலையில் ஸ்பீக்கரின் கூம்பு (முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளும் பகுதி) இயல்பாக அதிரும் அதிர்வெண். வி.ஏ.எஸ். என்பது கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்பின் விறைப்புக்கு நிகரான விறைப்பைத் தரும் காற்றின் அளவு. க்யூ.டி.எஸ். என்பது அதிர்வு எவ்வளவு அடக்கமாக நிற்கிறது என்பதைச் சொல்லும் எண். மூடிய பெட்டிக்குள் சிறைப்பட்ட காற்றும் ஒரு வில்லாக நின்று கூம்பை இறுக்குவதால், பெட்டி சிறுக்கச் சிறுக்க அதிர்வெண்ணும் க்யூவும் ஒரே விகிதத்தில் ஏறுகின்றன. அந்த விகிதத்தைக் காண்பது எளிது: வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

எஃப்.எஸ். 32 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 25 லிட்டர் உள்ள ஒரு ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் பெட்டியில் விகிதம் 1.5, எனவே மொத்த க்யூ 0.75, அதிர்வெண் 48 ஹெர்ட்ஸ். இது மிக நல்ல நிலை. எங்கும் மேடு தட்டாமல் சமமாக ஒலிக்கும் 0.707 என்ற மதிப்புக்கு அருகில் இருக்கிறது. அதே ஸ்பீக்கரை 8.3 லிட்டருக்குள் அடைத்தால் விகிதம் 2 ஆகி, க்யூ 1.0, அதிர்வெண் 64 ஹெர்ட்ஸ் என்று உயர்ந்துவிடும். அப்போது மேல்பேஸில் ஒரு புடைப்பு வரும். அதற்குக் கீழே ஒலி விரைவில் வற்றும். கேட்பவர் அதை ‘ஒரே சுருதியில் இடிக்கிறது’ என்பார். இருக்கைக்கு அடியில் வைத்த பல அமைப்புகள் கெட்ட பெயர் எடுப்பது இதனால்தான். பழி ஸ்பீக்கர்மேல் விழுகிறது, குற்றம் லிட்டர் கணக்கில் இருக்கிறது.

ஆகவே இருக்கைக்கு அடியில் வைக்கத் தேடும்போது, வி.ஏ.எஸ். குறைவாக உள்ள, சிறிய மூடிய பெட்டிக்கென்றே வடிவமைத்த ஸ்பீக்கரைத் தேடுங்கள். தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் கொள்ளளவு அட்டவணையில் உள்ள மிகச் சிறிய எண்ணைவிடத் தங்கள் பெட்டி சிறியதாக இருந்தால், அந்த ஸ்பீக்கரை விட்டுவிடுவதே மேல்.

கேள்வி: பெட்டியில் போர்ட் (காற்று வந்துபோகும் குழாய்) வைத்தால் அதே ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கூடும் என்று கடைக்காரர் சொல்கிறார். மூடிய பெட்டிதான் நல்லது என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? பேண்ட்பாஸ் பெட்டி எப்படி?

பதில்: கடைக்காரர் சொல்வது பொதுவாக உண்மை. போர்ட் சரியாகப் பொருந்தினால், அது சுருதி கூட்டிய அதிர்வெண்ணை ஒட்டிய பகுதியில் மூடிய பெட்டியைவிடக் கூடுதல் ஒலி கிடைக்கும். ஆனால் இருக்கைக்கு அடியில் அந்த உண்மையைப் பயன்படுத்த இடம் இருக்காது என்பதுதான் சிக்கல்.

கணக்கைப் பார்ப்போம். 20 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்ட, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்று வைத்தால் அதன் நீளம் ஏறத்தாழ 89 சென்டிமீட்டர் வர வேண்டும். அந்தக் குழாயே 7 லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த 7 லிட்டரை 20 லிட்டருக்கு மேல் தனியாகத் தர வேண்டும். விட்டத்தை 7.5 சென்டிமீட்டராகக் குறைத்தால் நீளம் 49 சென்டிமீட்டருக்கு இறங்குகிறது. ஆனால் 10 அங்குலக் கூம்பு தள்ளும் காற்று அவ்வளவு குறுகிய வாயில் நுழைந்து வரும்போது ‘புஸ் புஸ்’ என்று மூச்சிரைக்கும் ஓசை கேட்கும். குழாயின் உள்முனைக்கு எதிரே குறைந்தது அதன் விட்டம் அளவுக்காவது வெற்றிடம் வேண்டும் என்பதையும் சேர்த்தால், 11 சென்டிமீட்டர் உள்ளுயரம் உள்ள தட்டைப் பெட்டியில் குழாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் எதிலாவது இடிக்கும். பலகைகளைக் கொண்டு செவ்வகப் போர்ட்டாக வளைத்துச் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு 60, 70 லிட்டர் வெளியளவு கிடைக்கும் பெரிய கேபின் வேண்டும்.

மற்றொன்று, மூடிய பெட்டியில் ஒலி குறையத் தொடங்கியபின், அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 12 டெசிபெல் வீதம் குறையும். போர்ட் பெட்டியில் 24 டெசிபெல் வீதம் குறையும். வீட்டில் என்றால் 12 டெசிபெல்லும் இழப்புதான். ஆனால் வண்டியின் கேபின் சிறிய அடைப்பு. அதன் நீளத்தைவிட அரை அலைநீளம் பெரிதாகிவிடும் அதிர்வெண்ணுக்குக் கீழே, ஒலி அலையாகப் பரவுவதை விட்டு, கேபின் முழுவதையும் அழுத்தித் தளர்த்துகிறது. கேபினின் உள்நீளம் 2.5 மீட்டர் என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 69 ஹெர்ட்ஸ். 2 மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கேபினே ஸ்தாயிக்கு 12 டெசிபெல் வரை கோட்பாட்டளவில் ஏற்றித் தருகிறது. கதவு இடுக்குகளும் நடுங்கும் தகடுகளும் அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும் என்றாலும், மூடிய பெட்டி இழப்பதையும் கேபின் கொடுப்பதையும் கூட்டிப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ் வரை ஒலி நியாயமாகச் சமமாக வந்து சேரும். பிக்கப்பின் கேபின் சிறியது என்று வருந்துகிறவர்கள், பேஸைப் பொறுத்தவரை அந்தச் சிறுமை தங்களுக்கு உதவுகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

சுருதி கூட்டிய அதிர்வெண்ணுக்குக் கீழே போர்ட் பெட்டியில் கூம்பைத் தாங்கும் காற்று வில்லே இல்லாமல் போகும் என்பதையும் மறக்கலாகாது. அங்கு மின்வடிப்பான் போட்டுத் தடுக்காவிட்டால் மெல்லிய ஸ்பீக்கரின் சுருள் அடித்தகட்டில் முட்டிச் சேதமடையும். ஆகவே நண்பர் பக்கம்தான் என் தீர்ப்பு. ஸ்பீக்கரை உள்ளேயே இரு அறைகளுக்கு நடுவே அடைக்கும் பேண்ட்பாஸ் பெட்டியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது இன்னும் கூடுதல் கொள்ளளவு கேட்கும், ஒரு குறுகிய பட்டையில் மட்டும் முழங்கும். இங்கு வேண்டாம்.

கேள்வி: ஸ்பீக்கரை மேல்நோக்கி வைப்பதா, தரையை நோக்கிக் கவிழ்த்து வைப்பதா? மேல்நோக்கி வைத்தால் மெத்தை ஒலியை உறிஞ்சிவிடாதா?

பதில்: உறிஞ்சாது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.6 மீட்டர், ஒரு சாண் கனமுள்ள பஞ்சு மெத்தை அதற்கு ஒரு பொருட்டே அன்று. கவலைப்பட வேண்டியது உறிஞ்சுவதைப் பற்றியன்று, தொடுவதைப் பற்றி. உட்கார்ந்தவரின் எடையில் இறங்கும் மெத்தையோ கம்பியோ கூம்பையும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தையும் தொடக் கூடாது. இதற்காக உறுதியான இரும்பு வலை போட்டாலும், வலையின் உயரமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

தரையை நோக்கிக் கவிழ்த்தால் மெத்தை, கால், கையிலிருந்து தவறி விழும் பொருள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் கூம்பு தப்பிக்கும். கூம்பின் முழு வீச்சையும் ரப்பர் வளையத்தின் புடைப்பையும் கூட்டி, அதற்கு மேலும் சிறிது விட்டு, மொத்தம் 3 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளி தரைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வேண்டும். அந்த இடைவெளிக்கு விலை உண்டு: முதல் கேள்வியில் பார்த்த 15 சென்டிமீட்டர் இடத்தில் 3 சென்டிமீட்டரை விட்டுக்கொடுத்தால், 35 லிட்டர் என்பது ஏறத்தாழ 26 லிட்டராகச் சுருங்கும். மெல்லிய 10 அங்குல ஸ்பீக்கருக்கு அதுவும் பெரும்பாலும் போதும்.

கவிழ்த்து வைத்தால் கூம்பு தன் எடையால் தொங்கிப்போகும் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எஃப்.எஸ். 30 ஹெர்ட்ஸ் உள்ள கூம்பு அப்படித் தொங்குவது 0.28 மில்லிமீட்டர்தான், ஒரு பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் அசையும் ஸ்பீக்கரில் இது 3 விழுக்காடுகூட இல்லை. 5 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கத்தில் உள்ள வரம்பு. எஃப்.எஸ். 20 ஹெர்ட்ஸை ஒட்டிய, கனத்த கூம்புள்ள ஸ்பீக்கராக இருந்தால் மட்டும் யோசியுங்கள். அங்கு தொங்கல் 0.6 மில்லிமீட்டரைத் தாண்டும்.

கேள்வி: ஒரே ஒரு 10 அங்குல ஸ்பீக்கர் வைப்பதைவிட இரண்டு 8 அங்குல ஸ்பீக்கர்கள் வைத்தால் என்ன?

பதில்: நல்ல யோசனை, நீளமும் குறுகலுமான இடத்துக்கு ஏற்றது. 8 அங்குலக் கூம்பின் பயனுள்ள பரப்பு ஏறத்தாழ 215 சதுர சென்டிமீட்டர் என்றால், இரண்டும் சேர்ந்து 430 வருகிறது. 10 அங்குலக் கூம்பு ஏறத்தாழ 340தான். 12 அங்குலம் 500-ஐ ஒட்டி இருக்கும். ஆனால் பரப்பு மட்டும் போதாது. பரப்போடு கூம்பின் வீச்சையும் பெருக்கினால்தான் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பது தெரியும். மெல்லிய 8 அங்குல ஸ்பீக்கர்கள் சிலவற்றில் வீச்சு மிகக் குறைவு.

இரண்டு ஸ்பீக்கர்களுக்கு ஒன்றுக்கு வேண்டியதைப் போல் இரு மடங்கு கொள்ளளவு வேண்டும். அத்துடன், ஓம் கணக்கை, அதாவது ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் தரும் மின்தடையை, வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள். 4 ஓம் இரட்டைச் சுருள் உள்ள ஸ்பீக்கர் ஒன்றை 2 ஓமாகவோ 8 ஓமாகவோ மட்டுமே இணைக்க முடியும். அதே வகையில் இரண்டு இருந்தால் 1 ஓம், 4 ஓம், 16 ஓம் ஆகியவை கிடைக்கும், 2 ஓம் கிடைக்காது. ஆம்ப்ளிஃபயர் 2 ஓம் வரைதான் தாங்கும் என்றால், 4 ஓமில் அது தரும் குறைந்த வாட்டை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

கேள்வி: என் வண்டியின் பெயரைப் போட்டே ஆயத்தப் பெட்டிகள் விற்கிறார்கள். அதை வாங்கலாமா, தச்சரிடம் செய்யச் சொல்லலாமா?

பதில்: ஃபோர்டு எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ, டொயோட்டா டகோமா போன்று அமெரிக்காவில் பரவலாக ஓடும் வண்டிகளுக்கு ஆயத்தப் பெட்டி கிடைப்பது எளிது, பெரும்பாலானவை தரையின் மேடு பள்ளங்களை ஒட்டி வார்க்கப்பட்டிருப்பதால், நேரான பலகைகளால் செய்த பெட்டி வீணாக்கும் மூலைகளையும் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆனால் வண்டியின் பெயர் ஒன்றே போதாது. தயாரிப்பு ஆண்டு, இரண்டு கதவுக் கேபினா நீட்டிய கேபினா நான்கு கதவுக் கேபினா என்பது, இருக்கை பிரித்து மடிகிறதா என்பது ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எஃப்-150-ஐயே எடுத்துக்கொண்டால், 2015-இல் அலுமினிய உடலோடு புதிதாக வடிவமைக்கப்பட்டது, 2021-இல் மீண்டும் மாற்றப்பட்டது. ஒன்றுக்குச் செய்ததை மற்றொன்றுக்கு வாங்கும் முன் அளவைச் சரிபார்ப்பது கட்டாயம்.

விளம்பரத்தில் ‘12 அங்குலம் பொருந்தும்’ என்ற வரியைப் பார்த்து மயங்காமல், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ளே எத்தனை லிட்டர், எவ்வளவு ஆழம் என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். கன அடியில் சொன்னால் 28.3-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இந்த எண்களைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்கும் பெட்டி எப்படி ஒலிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹைபிரிட் வண்டி என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. டொயோட்டா டண்ட்ராவின் ஹைபிரிட் வகையில் மின்கலமே பின்னிருக்கையின் அடியில் இருக்கிறது. இத்தகைய வண்டிகளில் எஞ்சியிருக்கும் இடம் சிறிது. மின்கலத்தைக் குளிர்விக்கக் காற்று இழுக்கும் வாயைப் பெட்டி மறைக்கவே கூடாது.

தச்சரிடம் செய்வதானால் பக்கவாட்டுத் தோற்றத்தைச் சரிவாக வைக்கத் தயங்காதீர்கள். முன்பக்கம் 10, பின்பக்கம் 18 சென்டிமீட்டர் உயரம் கிடைத்தால், இரண்டின் சராசரியான 14-ஐ அகலத்தோடும் நீளத்தோடும் பெருக்கினால் போதும். ஸ்பீக்கரின் காந்தத்தை உயரம் மிகுந்த பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எம்.டி.எஃப்., பிளைவுட், ஃபைபர்கிளாஸ் – எது?

பதில்: எம்.டி.எஃப். கனமானது, மலிவானது, வெட்ட எளிது. ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிப்போகும். மழையில் நனைந்த கால்களோடு ஏறி இறங்கும் வண்டியில் பெட்டி தரையில்தான் இருக்கும் என்பதால், எம்.டி.எஃப். பெட்டியின் அடிப்பலகைக்கு வண்ணமோ பிசினோ பூசாமல் வைப்பது கூடாது. பல அடுக்குகள் கொண்ட நல்ல பிர்ச் பிளைவுட் எடை குறைந்தது, விறைப்பானது, திருகைப் பிடித்துக்கொள்ளும். 12 மில்லிமீட்டர் கனத்தில் செய்ய நினைப்பவர்களுக்கு என் தேர்வு அதுதான். ஃபைபர்கிளாஸ் கைவேலை மிகுந்தது. இடம் கோணல்மாணலாக இருந்து, ஒவ்வொரு லிட்டரும் பொன்போல் தேவைப்பட்டால் மட்டும் அதற்குப் போங்கள்.

எந்தப் பொருளாக இருந்தாலும், 120 சென்டிமீட்டர் நீளமுள்ள மேற்பலகை நடுவில் தாங்கி இல்லாமல் இருந்தால் மேளத்தோல் மாதிரி அதிரும். மேற்பலகையையும் அடிப்பலகையையும் இணைக்கும் கட்டைகளை 30, 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒட்டுங்கள். மூட்டுகளுக்குப் பசையும் திருகும் இரண்டும் வேண்டும். உள்மூலைகளில் சிலிகான் பூசினால், அது முழுவதும் உலர்ந்து வாடை போனபின்புதான் ஸ்பீக்கரைப் பொருத்த வேண்டும். பெட்டிக்குள் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் ஸ்பீக்கருக்குப் பெட்டி சற்றுப் பெரிதானதுபோல் தோன்றும். கோட்பாட்டின்படி இந்தப் பலன் 40 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. நடைமுறையில் 10 முதல் 20 விழுக்காட்டை எதிர்பார்க்கலாம். சற்றே இறுக்கமான பெட்டிக்கு அது பெரிய உதவிதான்.

கேள்வி: என்னுடையது இரண்டு கதவு பிக்கப், பின்னிருக்கையே இல்லை. எனக்கு வழி உண்டா?

பதில்: முதுகுச் சாய்வுக்கும் பின்சுவருக்கும் இடையே செங்குத்தாக நிற்கும் மெல்லிய பெட்டி வைக்கலாம். இருக்கை எவ்வளவு பின்னால் சாயும் என்பதில் சிறிது குறையும். அதை முதலில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். கணக்கெல்லாம் மேலே சொன்னதுதான்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தே வரும் தட்டையான சப்வூஃபரை முன்னிருக்கைக்கு அடியில் வைத்தால் இந்தத் தொல்லைகள் எல்லாம் இல்லை அல்லவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 8 அங்குல ஸ்பீக்கரும் அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயரும் ஒரு தட்டில் அடங்கி வரும் இவை, கதவு ஸ்பீக்கர்களுக்கு எட்டாத 50, 60 ஹெர்ட்ஸ் பகுதியை நிரப்பப் போதுமானவை. மென்மையாகப் பாட்டுக் கேட்பவர் இதோடு நிறைவடையலாம். ஆனால் அவ்வளவு சிறிய அடைப்பிலிருந்து 30 ஹெர்ட்ஸை எதிர்பார்க்க முடியாது.

முன்னிருக்கை நகரும் இருக்கை என்பதை நினைவில் வையுங்கள். முன்னும் பின்னும், மேலும் கீழும் முழுமையாக நகர்த்திப் பார்த்து, எந்த நிலையிலும் தொடாத அளவுக்கு இடம் இருந்தால்தான் வைக்க வேண்டும். இருக்கையின் அடியில் உள்ள மஞ்சள் நிறக் கனெக்டர் ஏர்பேக்கைச் சார்ந்தது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் கழியும்வரை அதன் அருகில் கை வைக்காதீர்கள், அதன் வயரில் வேறு எதையும் இணைக்காதீர்கள்.

கேள்வி: பெட்டியைத் தரையோடு பூட்ட வேண்டுமா? அதன் எடையே அதைப் பிடித்து வைக்காதா?

பதில்: வைக்காது. ஸ்பீக்கரோடு சேர்ந்து 15 கிலோவைத் தொடும் பெட்டி, வேகத்தில் வண்டி மோதி நிற்கும்போது முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகை நோக்கித்தான் வரும். இருக்கையைத் தரையோடு இணைக்கும் போல்ட்டுகளுக்கு அருகில் ஏற்கெனவே உள்ள துளைகளையோ, ஜாக்கிக் கூட்டைப் பிடிக்கும் இடத்தையோ பயன்படுத்தி இரும்புப் பட்டையால் பூட்டுவது சிறந்தது. இருக்கையின் போல்ட்டைக் கழற்றினால், தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் முறுக்கு அளவுக்கே திரும்ப இறுக்க வேண்டும். தரையில் புதிதாகத் துளையிட நேர்ந்தால், முதலில் வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், வயர்க் கட்டு ஆகியவை அங்கேதான் ஓடுகின்றன.

குழந்தை இருக்கையைப் பின்னால் மாட்டுகிறவர்கள், ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் மேல்பட்டியின் கொக்கியும் பெட்டி வைத்தபின்னும் கைக்கு எட்டுகின்றனவா, இருக்கை முழுவதும் இறங்கிப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். மெத்தை கால் அங்குலம் தூக்கி நின்றாலும் அந்தப் பெட்டி அந்த வண்டிக்கு உரியதன்று.

ஆம்ப்ளிஃபயருக்கான மின்வயரில் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காக்க அன்று. வழியில் எங்காவது வயர் உரசித் தகட்டைத் தொட்டால் வண்டி தீப்பிடிக்காமல் இருப்பதற்கு. ஆம்ப்ளிஃபயரையும் இருக்கைக்கு அடியிலேயே வைப்பவர்கள் அதைக் கம்பளத்துக்குக் கீழே புதைக்காமல், மேலே இரண்டு விரல் காற்றிடம் விட வேண்டும்.

கேள்வி: எல்லாம் பொருத்தியாயிற்று. ஆனால் சத்தத்தைக் கூட்டினால் பின்சுவரிலிருந்து ‘கடகட’வென்று ஒலி வருகிறது, பேஸும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

பதில்: இரண்டும் தனித்தனிச் சிக்கல்களாக இருக்கலாம். முதலில் பெட்டியில் கசிவு உண்டா என்று பாருங்கள். கூம்பை விரல்நுனிகளால் எல்லாப் பக்கமும் சமமாக மெல்ல உள்ளே அழுத்திப் பிடித்து விடுங்கள். அது தயங்கி, மெதுவாக எழுந்து வந்தால் பெட்டி நன்றாக அடைபட்டிருக்கிறது. உடனே துள்ளி எழுந்தால் எங்கோ காற்று வெளியேறுகிறது. வயர் நுழையும் இடத்தையும் ஸ்பீக்கர் சட்டத்தின் அடியில் உள்ள பட்டையையும் முதலில் சந்தேகியுங்கள்.

கசிவு இல்லையென்றால் சப்வூஃபரின் வயர்முனைகளை ஒரு முறை மாற்றிப் போட்டுக் கேளுங்கள். கதவு ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் ஒன்றையொன்று எதிர்த்து அசைந்தால், 80 ஹெர்ட்ஸ் அருகில் ஒலி பள்ளமாகிவிடும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேட்கும்போது எந்த இணைப்பில் பேஸ் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சப்வூஃபருக்குத் தாழ்ந்த ஒலியை மட்டும் அனுப்பும் ஒலிவடிப்பானை 80 ஹெர்ட்ஸில் தொடங்கி, பாடகரின் குரல் இருக்கைக்கு அடியிலிருந்து வருவதுபோல் தோன்றினால் 70, 60 என்று இறக்குங்கள்.

பின்சுவரின் ஓசைக்கு, இருக்கையின் முதுகைக் கழற்றி, வெறும் தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் பட்டைகளை ஒட்ட வேண்டும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. தட்டிப் பார்த்து நீண்டு ஒலிக்கும் இடங்களில் ஒட்டினால் போதும். பிளாஸ்டிக் மூடிகள் உரசும் இடங்களில் மெல்லிய நுரைப்பட்டை வையுங்கள். பல பிக்கப்களின் பின்சுவரில், கதவை மூடும்போது கேபினின் காற்று வெளியேறுவதற்கான ரப்பர் மடல்கள் இருக்கும். பேஸ் வரும்போது அவையும் படபடக்கும். ஓசையை நிறுத்த அவற்றை ஒட்டி மூடிவிடாதீர்கள். மூடினால் கதவுகள் அறைந்து சாத்தினாலன்றி மூடிக்கொள்ளாது, கண்ணாடிகளில் ஈரமும் படியும். மடல் இருக்கும் சட்டத்தின் விளிம்பில் நுரைப்பட்டை கொடுத்து, மடலை அதன்போக்கில் விட்டுவிடுங்கள்.